வெடிக்காத டிரம்

1

இந்தக் கதை ஒரு எழுத்துப்பிழையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேட்பதைவிட இது மேல்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம், பள்ளிக்கூட விண்ணப்பம், தண்ணீர் பம்பு விற்பவரின் விளம்பரம் என்று எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். ஒருநாள் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து சின்னக் கையேடு ஒன்று வந்தது. ‘ஆர்க் வெல்டிங்: பன்னிரண்டு பாதுகாப்பு விதிகள்.’ எட்டு விதிகள் வரை தடங்கலில்லை. முகமூடி போடு, கையுறை போடு, ஈரத் தரையில் நிற்காதே, பிய்ந்த கேபிளைத் தொடாதே. ஒன்பதாவதில் நின்றுவிட்டேன்.

‘எரியும் பொருள் வைத்திருந்த டிரம்மில், காலியாக இருந்தால், வெல்டிங் செய்யலாகும்.’

ஆகுமா, ஆகாதா? ‘செய்யலாகும்’ என்று இப்போது யாரும் எழுதுவதில்லை. ‘செய்யலாகாது’ என்பதில் ஏதோ விழுந்துவிட்டதா? அப்படியானால் ‘இருந்தால்’ என்பதும் ‘இருந்தாலும்’ ஆக வேண்டும். காலி டிரம்மில் எரிவதற்கு என்ன இருக்கிறது என்றது என் புத்தி. என் புத்தியை நம்பி எதையும் அச்சேற்றுகிற வழக்கம் எனக்கில்லை. பின் சந்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பட்டறைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“ஆகாது மேடம். செய்யவே கூடாது. மாத்திடுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்த ஒன்பதாவதாலதான் எங்க அக்கா என்கூடப் பேசி ஒரு வருஷம் ஆகப்போகுது,” என்றார்.

(பிழையை அன்றே திருத்திவிட்டேன். கையேடு அச்சாகிப் போயும் விட்டது. இந்தக் கதைதான் இன்னும் திருத்தத்தில் கிடக்கிறது.)

2

முதல் தொடக்கம்: ‘கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சம் அந்தச் சந்து முழுவதையும் ஒரு கணம்—’

இதை விட்டுவிட்டேன். வெல்டிங் பற்றி எழுத வருகிற எல்லாரும் அந்த வெளிச்சத்தில்தான் போய் விழுகிறோம். வேலை செய்யும்போது பட்டறைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்குத் தெரிவது பச்சையாக ஒரு துளி, அது நகர்கிற ஒரு கோடு. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: ‘அன்று காலை எழுந்தபோது, இன்று ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.’

இதுவும் பொய். ஏதாவது நடக்கலாம் என்பது அவருக்குத் தினமும் தெரியும். அதனால்தான் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெஷினைப் போடுவதற்கு முன்னால் கேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், எங்காவது தோல் பிய்ந்திருக்கிறதா என்று. எர்த் கிளாம்பை இரும்பில் கவ்வக் கொடுத்துவிட்டு இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். வேலை கொடுக்க வந்தவர் சட்டைப் பையில் லைட்டர் வைத்திருந்தால் அதை வாங்கி ஜன்னலில் வைப்பார். நைலான் சட்டையோடு வந்தால் சந்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்வார். “ஒரு நாற்காலிக் காலை ஒட்டச் சொன்னா ஆபரேஷன் தியேட்டர்ல படுக்கப் போடற மாதிரி பண்றான்” என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

மூன்றாம் தொடக்கம் ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அது எனக்கே புரியவில்லை. நேராக நடந்ததற்கே போய்விடுகிறேன். இனி அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன், அவர் எனக்குச் சொன்னபடி.

3

அக்கா ஒரு சலவை நிலையம் திறப்பதாக இருந்தது. பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து, வெள்ளையடித்து, இரண்டு பெரிய மெஷின்கள் போட்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அக்காவின் கணவர் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு பெரிய டிரம்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் திறப்பு. ஒரு விடுதியிலிருந்து முதல் லோடாக அறுபது படுக்கை விரிப்புகள் வருவதாகப் பேச்சு. அது சரியாகப் போனால் மாதாமாதம் வரும். அக்கா இரண்டு வருஷமாக அந்த விடுதிக்கு நடையாய் நடந்து வாங்கிய வேலை.

மதியம் நிதானம் தன் சாமான்களோடு போய் இறங்கினார். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். அக்கா, அக்காவின் கணவர், பெயிண்டர் ஒருவர், அக்காவின் மாமியார். மாமியார் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணிகளில் கட்டுகிற நம்பர் சீட்டுகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான்,” என்றார் அக்கா கணவர். “ரெண்டு டிரம்மு. அடியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பைப்பு. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை.”

“இதுல என்ன இருந்துச்சு மாமா?”

“என்னமோ இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. நானே மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”

நிதானம் குனிந்து டிரம்மின் வாயில் மூக்கை வைத்தார். சோப்பு வாசனை. அதற்கு அடியில் மெல்லியதாக, இனிப்பாக, தலைக்கு ஏறுகிற மாதிரி இன்னொன்று. பெயிண்டரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்.

“தின்னர்தான்,” என்றார் பெயிண்டர். பெயிண்டைக் கரைக்கிறவருக்குத் தெரியாதா?

“மாமா, இதுல நெருப்பு வைக்க முடியாது.”

“காலி டிரம்மு மச்சான் அது.”

“காலியா இருக்கறதுதான் மாமா பிரச்சனை. இந்த மடிப்புக்குள்ள ரெண்டு சொட்டு ஒளிஞ்சிருந்தா போதும். சூடு பட்டா ஆவியாகும். உள்ள முழுக்க ஆவி, வெளிய போக இந்தச் சின்ன ஓட்டை. அப்புறம் இது டிரம்மு இல்ல, குண்டு.”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் வெளியே போனார். திரும்பி வரவில்லை.

“முறையா சுத்தம் பண்ற எடத்துக்கு அனுப்பறேன். ரெண்டு நாள் குடுங்க. இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் டேங்க் போட்டுக்கலாம். நானே இறக்கி வைக்கறேன்.”

“நாளைக்குத் திறப்பு. ரெண்டு நாள் எங்க போய்க் கேப்பேன்?”

அக்கா அதுவரை பேசவில்லை. “முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போ,” என்றாள். “குண்டு, கிண்டுன்னு ஏன் சொல்ற, நாளும் அதுவுமா.”

நிதானம் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். அவர் சுருட்டி முடிப்பதற்குள் அக்கா கணவர் மெயின் ரோட்டிலிருந்து வேறொரு வெல்டரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ். முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள ஒரு கை ஷீல்டு வைத்திருந்தார், அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல்.

“அண்ணே, அது தின்னர் டிரம்மு,” என்றார் நிதானம்.

“எல்லாமே ஏதோ ஒண்ணோட டிரம்முதான் தம்பி,” என்றார் வந்தவர்.

அந்த இடத்தில் நிதானம் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. செருப்புக்காரர் டிரம்களைக் கொல்லைப் பக்கத்துக் குழாயடிக்கு உருட்டிப்போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் உள்ளே உருட்டிவந்து நிறுத்தினார். கிளாம்பை டிரம்மின் விளிம்பில் மாட்டி, ராடை ஹோல்டரில் செருகி, ஷீல்டைத் தூக்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றார் நிதானம். (எல்லாரும் வெளிய போங்க என்று கத்தினார்.) அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவருக்குப் பின்னால் போய்த்தான் நின்றார். அக்கா உதறினாள். அவர் விடவில்லை. கண்ணாடி வளையல்கள் நொறுங்கி அவள் மணிக்கட்டில் ஏறின.

இருவரும் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். கிடங்கின் உள்கூரையில் நீல வெளிச்சம் துடித்தது, நின்றது, துடித்தது. அவர் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். அக்கா பொத்தவில்லை. அவள் முழங்கை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு நிமிஷம். பிறகு அக்கா கணவர் வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “முடிஞ்சுது, வாங்க,” என்றார். அப்புறம்தான் மனைவியின் கையைப் பார்த்தார்.

மூன்று தையல்.

4

இப்போது என் சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பாதுகாப்பைப் பற்றி ஒரு கதை. அதில் விதியை மீறியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விதியைக் காத்தவர் கையால் ரத்தம். அன்று அந்தக் கிடங்கில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இதை அப்படியே எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? டிரம்மில் வெல்டிங் செய்யலாம் என்றா? என் கதையைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் போய்ச் செய்தால்? கையேட்டில் ஒரு எழுத்துக்காக மாடியிறங்கிப் போன நான், இங்கே முழுசாக ஒரு தவறான பாடத்தை அச்சில் விடுகிறேனா? (விதி சரிதான். நூறு முறை ஒன்றும் ஆகாமல் போவதும் அந்த விதிக்குள் அடங்கியதுதான். இதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.)

எனக்கு இருந்த குழப்பம் இவ்வளவுதான். நிதானத்துக்கு இருந்தது வேறு மாதிரி.

சலவை நிலையம் ஓடியது. அவர் வாரத்துக்கு ஒருமுறை எதிர்ச் சாரியில் நடந்துபோய்ப் பார்த்தார். டிரம்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கொடியில் வெள்ளை விரிப்புகள். அக்கா உள்ளே குனிந்து நிமிர்வது தெரியும். அவர் போன் செய்தால் எடுக்கமாட்டாள். தெரிந்த வெல்டர்கள் மூன்று பேரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டார். இரண்டு பேர் “நீ செஞ்சதுதான் சரி” என்றார்கள். மூன்றாமவர் “நான் அந்த மாதிரி ஐம்பது பண்ணியிருப்பேன்” என்றார். சரி என்றவர்கள் சொன்னது அவருக்கு மறந்துபோயிற்று. ஐம்பது மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

கேபிளைத் தடவும்போது கை பாதியில் நிற்க ஆரம்பித்தது. எதற்குத் தடவுகிறேன்? இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை பிய்ந்திருந்தது? தடவியதால் ஒன்றும் ஆகவில்லையா, தடவாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காதா? ஒரு பிற்பகல், ஒரு கேட்டின் கீலுக்கு ஒட்டு வைக்கும்போது, முகத்தை மூடும் ஹெல்மெட்டை இறக்காமலே ராடைத் தட்டினார். ஒரு தடவை. இரண்டாவது தடவை. நாலைந்து தடவை. அப்போது ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைக்குள் யாரோ மணலைக் கொட்டித் தேய்ப்பது போல இருந்தது. மனைவி ஈரத் துணியை மடித்துக் கண்மேல் வைத்தாள்.

“உங்களுக்கு என்ன ஆச்சு? நீங்களா இப்படி?”

“இந்த விதி எல்லாம் நெசந்தானான்னு பார்த்தேன்.”

“பார்த்தாச்சா?”

“எங்க பார்க்கறது. கண்ணே தெரியல.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கைத்தாங்கலாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரண்டு நாளில் சரியாயிற்று. நல்லவேளை என்று அவள் நினைத்தாள். அவருக்கோ அது போதவில்லை. கண் விஷயத்தில் விதி நெசம் என்று தெரிந்துவிட்டது. டிரம் விஷயம்?

அதே இரும்புக் கடைக்குப் போய், அதே மாதிரி ஒரு டிரம்மை வாங்கி வந்தார்.

5

இந்த இடத்தில் இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. லைட்டரை வாங்கி ஜன்னலில் வைக்கிற மனிதர் இப்படிச் செய்வாரா? கதையில் இப்படி ஒருவரை நானே உண்டாக்கியிருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பேன். ஆனால் டிரம் அங்கே இருந்தது. பட்டறையின் பின்பக்கம், சுவரோரம். அதன்மேல் அவர் மனைவி வேலை ஏப்ரனைக் காயப் போட்டிருந்தாள்.

“சந்துக்குப் பின்னால ஒரு காலி மனை இருக்கு மேடம். அங்க உருட்டிட்டுப் போனேன். யாரும் இல்லாத நேரம். கிளாம்பு மாட்டியாச்சு. ராடும் செருகியாச்சு. அப்பத்தான் தோணுச்சு. வெடிச்சா நான் சொன்னது சரி, ஆனா சொல்றதுக்கு நான் இருக்கமாட்டேன். வெடிக்கலன்னா நான் இருப்பேன், ஆனா…” முடிக்கவில்லை. “திரும்ப உருட்டிட்டு வந்துட்டேன்.”

“நல்லது பண்ணீங்க.”

“நல்லதா என்னன்னு தெரியல.” என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். “நீங்க கதை எழுதறவங்கதானே?”

“ஏதோ எழுதுவேன்.”

“அப்ப கதையில வெடிக்க வைங்க மேடம். ஒரு தடவை. அக்கா படிப்பாங்க. படிச்சா, இப்படி ஆகியிருக்கும், தம்பி அதுக்குத்தான் இழுத்தான்னு புரியும்.”

என்னிடம் இதுவரை எந்தப் பாத்திரமும் முடிவைக் கேட்டு வாங்கியதில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

முடிவு, முதல் வகை: ‘ராடு தொட்டதும் டிரம்மின் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. செருப்புக்காரர் இருந்த இடத்தில்—’

இருந்த இடத்தில் என்ன? செருப்பு மட்டும் கிடந்தது என்று எழுதுவதா? அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவரைக் கொல்வது எழுதுகிறவர்களுக்குச் சுலபம், அதனாலேயே கை ஓடவில்லை. அவரைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொல்லலாம் என்று மெயின் ரோட்டுக்குப் போனேன்.

கடை திறந்திருந்தது. மனிதர் ஐம்பதைத் தாண்டியவர். கண்கள் ரத்தச் சிவப்பு. இருமிக்கொண்டே ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார். சலவை நிலையம், இரண்டு டிரம், போன வருஷம் என்றேன். யோசித்தார்.

“எந்த டிரம்மு? எத்தனையோ பண்றேன்.”

“ஒருத்தர் தன் அக்காவை இழுத்துக்கிட்டு ஓடினாரே.”

“ஓடினாரா?”

அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு குடும்பம் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. அதற்கு நடுவில் நின்ற மனிதருக்கு அது இன்னொரு புதன்கிழமை.

“வழக்கமா அந்த மாதிரி டிரம்முன்னா தண்ணி ரொப்பிட்டுத்தான் ஒட்டுவேன்,” என்றார். “ஒட்டற எடத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். உள்ள ஆவிக்கு எடம் இருக்காதுல்ல. எங்க முதலாளி சொன்னது.”

“அடியிலதானே பைப்பு வெச்சீங்க?”

“ரொப்பி, மூடிய இறுக்கிட்டுக் கவுத்துப் போட்டிருப்பேன்.”

“அன்னிக்கும் ரொப்பினீங்களா?”

“ரொப்பியிருப்பேன்.” கொஞ்சம் கழித்து, “ரொப்பினேனோ என்னமோ. அவசரப்படுத்தியிருந்தாங்கன்னா சொல்ல முடியாது,” என்றார்.

(எனக்கு வேண்டியிருந்தது ஒரு முட்டாள், அல்லது ஒரு அதிர்ஷ்டசாலி. கிடைத்தது இவர். குழாயடிக்கு உருட்டிப்போனபோது கூட யாரும் போகவில்லை; அங்கே என்ன நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் இருந்ததா இல்லையா என்று தெரியாமல் நிதானம் சரியா தப்பா என்றும் சொல்ல முடியாது. இருந்திருந்தாலும் அவருக்கு அது தெரியாதே. தெரியாதவர் செய்ததைத் தெரிந்த பிறகு எடைபோடலாமா? இந்த அடைப்புக்குறியை நான் மூடியே ஆகவேண்டும்.)

கிளம்பும்போது அவருடைய ஷீல்டின் விரிசலைக் காட்டினேன். மாற்ற வேண்டியதுதான் என்றார்.

7

மிச்சமிருந்தது அக்கா. வீட்டிலிருந்த பெரிய போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனேன். நம்பர் சீட்டுக் கட்டியது அக்காவேதான். இடது மணிக்கட்டில் வெளுத்த கோடு ஒன்று. கையில் வளையல் இல்லை, ஒரு கடிகாரம் மட்டும்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஒளிக்கத் தெரியவில்லை. அக்கா போர்வையைப் பிரித்தார்.

“வெடிக்க வைக்கச் சொன்னானா?”

“ஆமாங்க.”

“வெடிச்சா என்ன ஆயிருக்கும், யோசிச்சீங்களா? நான் இருப்பேன். அவன் இருப்பான். சுவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருப்போம். உள்ள என் வீட்டுக்காரர். வாசல்கிட்ட என் மாமியார்.”

மெஷின் ஒன்று சுழன்று நின்றது.

“டிரம்மு வெடிக்கும்னு அவன் சொன்னதை நான் நம்பினேங்க. அவன் வேலை அவனுக்குத் தெரியும். நம்பினதாலதான் கேக்கறேன். வெடிக்கும்னு தெரிஞ்ச எடத்துலேர்ந்து என்னை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினான். என் மாமியார் அந்த நாற்காலியிலேயே உக்காந்து எங்களப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கையில சீட்டும் நூலும். முட்டி வலி, தானா எழுந்திருக்க முடியாது. உள்ள திரும்பி வந்தப்ப அவங்க என்னை ஒண்ணுமே கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல.” போர்வையை மடித்தார். “கேட்டுட்டா தேவலாம்.”

“அவர் எல்லாரையும் வெளிய போகச் சொன்னதா…”

“சொன்னானா? நான் கேக்கல.”

மூன்றாம் பகுதியில் அந்த வரியை அடைப்புக்குறிக்குள் போட்டது இதற்குப் பிறகுதான்.

“யோசிக்காமத்தான் பண்ணினான், அது எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “யோசிச்சுப் பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்னன்னு சண்டை போடறது? தம்பி என் உசிரக் காப்பாத்த வந்தான்னு சந்தோஷப்படறதா? சந்தோஷப்பட்டா உள்ள போய் என் மாமியாருக்கு எப்படிச் சோறு போடறது?” நம்பர் சீட்டின் மறுபாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். “வெள்ளிக்கிழமை வாங்க.”

முதல் வகை முடிவை அன்று கிழித்துப்போட்டேன். நிதானம் கேட்ட வெடி வெடித்தால், அக்காவுக்குப் புரிவது அவர் நினைக்கிற விஷயமாக இருக்காது.

முடிவு, இரண்டாம் வகை: நிதானம் ஒரு புது பிளாஸ்டிக் டேங்கைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறார். மாமியாரின் காலில் விழுகிறார். அவர் தலையில் கைவைத்து—

வேண்டாம். அந்த அம்மாவை நான் பார்க்கக்கூட இல்லை. பார்க்காதவர் கையைத் தூக்கி எங்கேயும் வைக்க எனக்கு உரிமையில்லை.

8

நேற்று மதியம் எழுதிய தாள்களோடு பட்டறைக்குப் போனேன். ஒரு ஒட்டு முடித்துவிட்டு, அதன்மேல் ஆறிய கசடைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“வெடிச்சுதா மேடம்?”

“இல்ல.”

“ஏன்?”

அக்கா சொன்னதைச் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று அச்சகத்திலிருந்து அங்கே போகிறவரை யோசித்தேன். சொல்ல வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் எனக்கு அது தெளியவில்லை.

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார். மெஷினை அணைத்தார். கிளாம்பைக் கழற்றினார். கையுறையைக் கழற்றினார்.

“மாமியாரைத் தாண்டித்தான் போனேன்,” என்றார். “நாற்காலி என் முட்டில இடிச்சுது. இப்பத்தான் ஞாபகம் வருது.”

கழற்றிய கையுறையை இரும்புப் பெட்டியின் மேல் வைத்தார்.

“ஒரு கையாலதானே மேடம் அக்காவைப் பிடிச்சேன். இன்னொரு கை என்ன பண்ணிச்சு?”

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வளையல் இருந்தது, தையல் இருந்தது, பதினோரு நிமிஷம் இருந்தது. அந்த இன்னொரு கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஹெல்மெட்டைப் பிடிச்சிருந்தீங்களோ?”

“அதெல்லாம் பெட்டில போட்டாச்சு. கிளம்பற வேலைதானே.” அவர் பட்டறை நடுவில் வந்து நின்றார். இடது கையை நீட்டி, யாருடைய மணிக்கட்டையோ பிடிப்பது போல விரல்களை மூடினார். வலது கையை முன்னால் வைத்துப் பார்த்தார். இடுப்பில் வைத்தார். தலைக்கு மேலே தூக்கினார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்று, இல்லை என்பது போலத் தலையை ஆட்டி, கையைக் கீழே போட்டார். உடைந்த நாற்காலியோடு ஒருவர் சந்தில் வந்து நின்றார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்.

“சும்மா தொங்கிட்டு இருந்திருக்குமோ?” என்றார் என்னிடம்.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே எழுதறீங்க.”

“எழுதினது நீங்க சொன்னதை.”

அவர் யோசித்தார். “இதை அச்சடிப்பீங்கல்ல? படிக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு கையில அக்கா. கைக்கெட்டற தூரத்துல எழுந்திருக்க முடியாத ஒரு பெரியவங்க. ஓடற ஒருத்தனோட இன்னொரு கை என்ன பண்ணும், யாருக்காவது தெரியுமான்னு.”

கேட்டுவிட்டேன். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது நான் சொன்ன பதிலாகிவிடும்.